சிப்பாய்க்கு ஒரு நாய் கொடுக்க 12 வருஷம் யோசித்த சர்க்கார்

கடலை பிடுங்கி முடிஞ்சு கொஞ்சம் கை ஓய்ந்திருக்கு. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

"அமெரிக்காக்காரனுக்குப் பைத்தியம், பட்டாளத்துல இருந்து வந்தவனுக்கு வைத்தியம் பண்றதை விட்டுட்டு நாய் வாங்கிக் கொடுக்கறான்" என்று சிரிக்கிறவர்களுக்காக முதலில் எழுதுகிறேன். அந்தச் சிரிப்பு நம்ம ஊர் டீக்கடையில் மட்டும் இல்லை. வாஷிங்டனில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தவர்களும் ஏறத்தாழ அதையேதான் நினைத்தார்கள். வார்த்தை மட்டும் நாகரிகமாக இருந்தது. அவர்கள் சொன்னது "போதிய ஆதாரம் இல்லை".

உழவு ஓட்டுறவனுக்கு அமெரிக்கப் பட்டாளத்தைப் பத்தி எழுத என்ன தகுதின்னு கேட்டா, பட்டாளத்தைப் பத்தி ஒண்ணும் இல்லை. நாயைப் பத்திக் கொஞ்சம் உண்டு. ஆட்டுப்பட்டியில் கிடையில் படுத்தவன் எவனுக்கும் அது உண்டு.

முதலில் அந்த நோய் என்னவென்று பார்ப்போம். முதல் உலகப் போரில் குண்டு மழைக்கு நடுவே பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்கள் காயம் எதுவும் இல்லாமலேயே நடுங்கினார்கள், பேச்சு இழந்தார்கள், பார்வை மங்கிப்போனார்கள். 1915ல் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை "ஷெல் ஷாக்" என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். பல தளபதிகள் அதைக் கோழைத்தனம் என்றார்கள். வியட்நாம் போர் முடிந்து சில வருஷம் கழித்து, 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது. ஷெல் ஷாக்கில் இருந்து கணக்குப் போட்டால் 65 வருஷம்.

இந்த நோய் வந்தவனுக்குப் போர் முடிவதே இல்லை. ராத்திரி கனவில் அது திரும்ப வரும். கதவு டமால்னு சாத்தினா உடம்பு தூக்கிப்போடும். கடைவீதிக்குப் போனா முதுகுப் பக்கம் யார் வர்றான்னு பார்த்துக்கிட்டே இருப்பான். ஓட்டல்ல சுவரில் முதுகு ஒட்டினாத்தான் சாப்பாடு இறங்கும். கொஞ்ச நாள்ல வெளியே போறதையே நிறுத்திடுவான். அப்புறம் பொண்டாட்டி பிள்ளைகளோட பேசறதையும் நிறுத்திடுவான். 2008 முதல் 2017 வரை ஒவ்வொரு வருஷமும் 6,000க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள் அமெரிக்காவில் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். இது அந்த நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறையே வெளியிட்ட கணக்கு. இத்தனைக்கும் எல்லோருக்கும் பி.டி.எஸ்.டி. இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு பெரிய தீ எரிந்துகொண்டிருந்தது என்பதற்கு இந்த எண் போதும்.

இப்போ நாய் விஷயத்துக்கு வருவோம்.

சேவை நாய் என்பது மடியில் வைத்துக் கொஞ்சுகிற நாய் இல்லை. குட்டியில் இருந்து ஏறத்தாழ இரண்டு வருஷம் பழக்குகிறார்கள். பெரும்பாலும் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர். அனாதை நாய்க் காப்பகத்தில் இருந்து தேறியதைப் பொறுக்கி எடுத்துப் பழக்குகிறவர்களும் உண்டு. எல்லாக் குட்டியும் தேறாது, கணிசமானவை பாதியில் கழிந்துவிடும். தேறிய நாய்க்குக் குறிப்பிட்ட வேலைகள் தெரியும். எஜமான் தூக்கத்தில் கத்தினாலோ கை காலை உதைத்தாலோ மேலே ஏறி, முகத்தை நக்கி எழுப்பும். கடையில் வரிசையில் நிற்கும்போது பின்பக்கம் பார்த்து நின்றுகொள்ளும், அவன் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கூட்டம் நெருக்கினால் அவனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் குறுக்கே நிற்கும். மூச்சு வேகமாகி, காலை ஆட்ட ஆரம்பித்தாலே முழங்காலில் தலையை வைத்து இடிக்கும். "இங்க பாரு, நான் இருக்கேன்" என்று சொல்கிற மாதிரி. மாத்திரை டப்பாவை எடுத்து வரவும் பழக்குகிறார்கள்.

அமெரிக்கச் சட்டத்திலும் இந்த வித்தியாசம் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தின் விதிகள் 2011 மார்ச்சில் திருத்தி அமலானபோது, ஒரு குறிப்பிட்ட வேலைக்காகத் தனியாகப் பழக்கப்பட்ட நாய்தான் சேவை நாய் என்று எழுதினார்கள். கூட இருந்தாலே மனசுக்கு ஆறுதல் என்பது மட்டும் போதாது. அப்படி எழுதினது சரிதான்.

நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு கேக்கிறேன். கிடை போட்ட காட்டுல ராத்திரி யார் தூங்கறாங்க, யார் முழிச்சிருக்காங்க? நரி வருது, திருடன் வர்றான்னு தெரிஞ்சும் கீதாரி கயித்துக்கட்டில்ல குறட்டை விடறாரே, எப்படி? பட்டி நாய் முழிச்சிருக்கு. அதோட காது மேல அவருக்கு நம்பிக்கை இருக்கு. நாய் செத்துப்போன மறுநாள் ராத்திரி பாருங்க, இலை விழுந்தாலும் எழுந்து உட்காருவார்.

எனக்குப் புரிந்தவரை, பி.டி.எஸ்.டி. வந்த சிப்பாய் காவல் மாற்ற ஆள் வராத காவல்காரன். பாசறையில் காவலுக்கு ஷிப்ட் உண்டு. ஒருத்தன் தூங்கும்போது இன்னொருத்தன் நிற்பான். வீட்டுக்கு வந்த பிறகு அவனை விடுவிக்க யாரும் வரவில்லை. பொண்டாட்டி "ஒண்ணும் இல்லைங்க, படுங்க" என்று சொன்னால் நம்ப முடியவில்லை, ஏனென்றால் அவளுக்குச் சத்தம் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். நாய்க்குக் கேட்கும் என்றும் தெரியும். நாய் காதை விறைக்காமல் படுத்திருந்தால் ஆபத்து இல்லை என்று அர்த்தம். அந்தச் செய்தியை வார்த்தையில் சொன்னால் உடம்பு ஏற்காது, நாய் சொன்னால் ஏற்கும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு ராத்திரி காட்டில் படுத்தால் போதும்.

சரி, சர்க்கார் என்ன செய்தது?

லூயிஸ் கார்லோஸ் மொண்டல்வான் என்ற ராணுவ கேப்டன் ஈராக்கில் இருந்து உடம்பும் மனசும் நொறுங்கி வந்தவர். "டியூஸ்டே" என்ற கோல்டன் ரெட்ரீவரை சேவை நாயாகப் பெற்றவர். 2009 ஜனவரியில் அவரையும் நாயையும் அல் ஃபிராங்கன் சந்தித்தார். அப்போது அவர் மின்னசோட்டா மாநிலத்தில் செனட் தேர்தலில் நின்று முடிவுக்குக் காத்திருந்தவர். செனட்டுக்குள் போனதும் அவர் கொண்டுவந்த முதல் மசோதா முன்னாள் வீரர்களுக்குச் சேவை நாய் பற்றியது. அதே வருஷம் ராணுவ நிதிச் சட்டத்தோடு சேர்த்து நிறைவேறியது. நலத்துறை சேவை நாய்களின் பலனை ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் உத்தரவு போட்டது.

ஆராய்ச்சி 2011ல் ஃபுளோரிடாவில் தொடங்கியது. 2012ல் நிறுத்தினார்கள். நாய்கள் வீட்டுக் குழந்தைகளைக் கடித்தது ஒரு காரணம். நாயைச் சரியாகப் பழக்காமல், பொருத்தம் பார்க்காமல் கொடுத்தால் கடிக்கத்தான் செய்யும். அந்தக் குற்றம் நாயினுடையது இல்லை. திரும்ப ஆரம்பித்தார்கள், திரும்ப நிறுத்தினார்கள், முறையை மாற்றி மறுபடியும் ஆரம்பித்தார்கள். இதற்கு நடுவே 2012 செப்டம்பரில் நலத்துறை ஒரு விதி போட்டது. கண் பார்வை, காது, நடமாட்டம் ஆகியவற்றில் குறை உள்ளவர்களின் சேவை நாய்க்கு மருத்துவச் செலவு தருவோம், மனநோய்க்காக வைத்திருக்கும் நாய்க்குத் தர மாட்டோம், ஆதாரம் இல்லை என்று. காலை இழந்தவனின் நாய் நாய். மனசு உடைந்தவனின் நாய் வெறும் செல்லப்பிராணி.

ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது 2021ல். சட்டம் போட்டதில் இருந்து 12 வருஷம். ஒரு தென்னங்கன்று வைத்திருந்தால் காய்த்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும்.

அந்த ஆராய்ச்சியை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஒரு கூட்டத்துக்குச் சேவை நாய், இன்னொரு கூட்டத்துக்கு ஆறுதல் நாய், அதாவது நல்ல பழக்கம் உள்ள, ஆனால் தனி வேலை தெரியாத நாய். இரண்டையும் ஒப்பிட்டார்கள். நாயே இல்லாத கூட்டம் என்று ஒன்றைக் கடைசி வரை ஒப்பிட வைக்கவே இல்லை! விவசாயி யாரையாவது கேளுங்க. புது உரம் வந்தா ஒரு பாத்தியில் போட்டு, பக்கத்துப் பாத்தியை உரமில்லாம விட்டுத்தானே பார்ப்போம்? ரெண்டு பாத்தியிலும் உரத்தைப் போட்டுட்டு "பெரிய வித்தியாசம் தெரியலையே" என்றால் யார் தப்பு?

அப்படியும் முடிவு என்ன வந்தது? அன்றாட நடமாட்டம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நோயின் அறிகுறிகள் இரண்டு கூட்டத்திலும் குறைந்தன, சேவை நாய் வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே குறைந்தன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் போக்கும் ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது சேவை நாய்க் கூட்டத்தில் குறைவாக இருந்தன. நான் இதைப் பெரிதாக ஊதவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன்.

பிறகு 2024ல் இன்னொரு ஆய்வு வந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தது. 156 முன்னாள் வீரர்கள், அதில் 81 பேருக்கு நாய், 75 பேர் நாய்க்காகக் காத்திருப்போர் பட்டியலில். இரண்டு பக்கமும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. மூன்று மாதம் கழித்து, யாரிடம் நாய் இருக்கிறது என்று தெரியாத மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். நாய் இருந்தவர்களுக்கு நோய் இன்னும் இருப்பதாக வரும் வாய்ப்பு 66 சதவீதம் குறைவு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, மூன்று மாதம்தான் பார்த்தார்கள் என்ற குறைகள் உண்டு. ஆனாலும் இதில் உரமில்லாத பாத்தி இருந்தது.

"ஆதாரம் கேட்பது தப்பா?" என்று நீங்கள் மடக்கலாம். தப்பே இல்லை. ஆதாரம் இல்லாமல் விற்ற மருந்தால் எத்தனை வயல் கருகியது என்று எனக்குத் தெரியும். என் சண்டை வேறு. ஆதாரம் கேட்கிறவர் எல்லோரிடமும் ஒரே படி அளக்க வேண்டும். பென்சோடயசெபைன் வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகளை பி.டி.எஸ்.டி.க்குக் கொடுக்காதீர்கள் என்று நலத்துறையும் ராணுவமும் சேர்ந்து எழுதிய வழிகாட்டியே 2010ல் எச்சரித்தது. பழக்கத்துக்கு அடிமையாக்கும், பலனும் இல்லை என்று. அதற்குப் பிறகும் பல வருஷம் ஏராளமான வீரர்களுக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆதாரம் எதிராக இருந்த மாத்திரைக்குக் கதவு திறந்திருந்தது. ஆதாரம் வந்துகொண்டிருந்த நாயை வாசலில் கட்டிப்போட்டார்கள். இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

அடுத்தது செலவு. ஒரு சேவை நாயைப் பழக்கி ஒப்படைக்க 20,000 டாலருக்கு மேல் ஆகும். "அடேயப்பா!" என்று வாயைப் பிளக்காதீர்கள். அந்தச் சிப்பாயை ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அனுப்பி, அங்கே வைத்து, திரும்பக் கொண்டுவர ஆன செலவில் இது எந்த மூலைக்கு? போருக்கு அனுப்பும்போது எவனும் ஆதாரம் கேட்கவில்லை, ரசீதும் கேட்கவில்லை. அதுவும் அந்த 20,000 டாலரை நலத்துறை கொடுக்கவில்லை. பொதுமக்களிடம் நன்கொடை வாங்கித் தொண்டு நிறுவனங்கள்தான் கொடுத்தன. ஃபுளோரிடாவில் "கே9ஸ் ஃபார் வாரியர்ஸ்" என்ற அமைப்பை 2011ல் ஆரம்பித்தவர் ஷாரி டூவால் என்ற ஓர் அம்மா. ஈராக்கில் இருந்து திரும்பிய மகன் நாயால் தேறி வருவதைப் பார்த்து ஆரம்பித்தார். நியூயார்க் பக்கம் சிறைக் கைதிகள் கையில் குட்டிகளைக் கொடுத்து வளர்க்கிறார்கள், மொண்டல்வானின் டியூஸ்டேயும் அப்படிச் சிறையில் கொஞ்ச காலம் வளர்ந்ததுதான். ஒரு தாயும் சில கைதிகளும் செய்ய முடிந்ததை, உலகத்திலேயே பணக்கார சர்க்கார் ஆராய்ந்துகொண்டிருந்தது.

நாய்க்குக் கடன் பட்டிருக்கிறோம் என்ற நினைப்பு அந்த ராணுவத்துக்கு முன்பும் இருந்ததில்லை. வியட்நாமில் ஏறத்தாழ 4,000 நாய்கள் அவர்களுக்காக வேலை செய்தன. கண்ணி வெடியை மோப்பம் பிடித்தன, பதுங்கியிருந்தவர்களைக் காட்டிக்கொடுத்தன. ஊர் திரும்பியவை சுமார் 200தான். மீதியை அங்கேயே விட்டார்கள், அல்லது கொன்றார்கள். ஏனென்றால் கணக்குப் புத்தகத்தில் நாய் ஒரு தளவாடம். துப்பாக்கிக்கும் கூடாரத்துக்கும் என்ன மரியாதையோ அதுதான். ஓய்வுபெற்ற ராணுவ நாயைத் தத்தெடுக்கலாம் என்று சட்டம் வந்தது 2000ல். உயிரைக் காப்பாற்றிய நாயையே அங்கே விட்டு வந்தவர்கள், உயிரைக் காப்பாற்றப் போகிற நாயை நம்பாததில் என்ன ஆச்சரியம்?

கடைசியில் 2021 ஆகஸ்ட் 25ல் ஜனாதிபதி பைடன் "பாஸ்" சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து மருத்துவ மையங்களில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முன்னோடித் திட்டம். பி.டி.எஸ்.டி. உள்ள வீரர்களே குட்டிகளைப் பழக்குவது, அந்தப் பழக்கும் வேலையே ஒரு சிகிச்சை. கூடவே, மனநோய்க்காகச் சேவை நாய் தரும் அதிகாரமும் வந்தது. நல்ல சட்டம்தான். குட்டியைப் பழக்க வேண்டுமானால் குரலைத் தாழ்த்த வேண்டும், பொறுமை வேண்டும், காலையில் எழுந்தே ஆக வேண்டும். கன்றுக்குட்டி வளர்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போ இன்னொரு கூட்டத்தோட சண்டை. நாய் ஓடி வந்து கட்டிப்பிடிக்கிற வீடியோவைப் போட்டு, பின்னாடி வயலின் பாட்டு வைத்து, "நாய் வந்தது, நோய் போனது" என்று எழுதுகிறவர்களோடு. இவர்கள் செய்வதும் துரோகம்தான். நாய் மருத்துவர் இல்லை. பேச்சு சிகிச்சையை, தேவையான மருந்தை விட்டுவிட்டு நாயை மட்டும் நம்பு என்று நல்ல பயிற்சியாளர் எவரும் சொல்ல மாட்டார். மொண்டல்வான் கதையை இவர்கள் முழுசாகச் சொல்வதில்லை. டியூஸ்டேயைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 2011ல் வந்து புகழ்பெற்றது. நாடு முழுக்கச் சுற்றி மற்ற வீரர்களுக்காகப் பேசினார். 2016 டிசம்பரில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது டியூஸ்டே அவருடன் இல்லை. அந்த மனிதர் தோற்றுவிட்டார் என்றோ நாய் தோற்றுவிட்டது என்றோ இதற்கு அர்த்தமில்லை. காயம் அவ்வளவு ஆழம் என்று அர்த்தம். நாய் இருந்தாலும் மருத்துவர் வேண்டும், வீடு வேண்டும், போன் பண்ணினால் எடுக்கிற நண்பன் வேண்டும்.

சாதா நாய்க்கு இணையத்தில் வாங்கிய சட்டையை மாட்டி "சேவை நாய்" என்று கடைக்குள் கூட்டிப்போகிறவர்களும் அங்கே பெருகிவிட்டார்கள். அது குரைக்கும், அடுத்தவரைக் கடிக்கும். அடுத்த நாள் உண்மையான சேவை நாயோடு வருகிற சிப்பாயை வாசலில் நிறுத்தி நாலு பேர் முன்னால் விசாரிப்பார்கள். கூட்டத்துக்குப் பயந்தவனைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்துவது எவ்வளவு பெரிய பாவம்!

நாயின் பக்கமும் யாராவது பேச வேண்டும். அது மாத்திரை இல்லை. அதற்கும் வயசாகும். எட்டு, பத்து வயசில் வேலையில் இருந்து ஓய்வு கொடுக்க வேண்டும். கோபம் வந்தால் உதைக்கிற வீட்டில் அது இருக்கக் கூடாது. நாய் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று போகாமல், வருஷக்கணக்கில் வந்து பார்க்கிற அமைப்புதான் நல்ல அமைப்பு.

நம்ம பக்கமும் பட்டாளத்தார் இல்லாத ஊர் குறைவு. எல்லையில் நின்று வந்தவர் ராத்திரி திடீரென்று எழுந்து வாசலில் உட்கார்ந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "மிலிட்டரி ஆளு, அப்படித்தான்." குடித்தால், "கேன்டீன் சரக்கு." அதோடு பேச்சு முடிந்தது. 1915ல் அந்தத் தளபதிகள் நின்ற இடத்தில்தான் நாம் இன்னும் நிற்கிறோம். அமெரிக்காக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அருகதை இல்லை. அவன் 12 வருஷம் தாமதித்தாவது அந்தக் காயத்துக்கு ஒரு பெயர் வைத்து, செலவுக் கணக்கில் ஏற்றியிருக்கிறான்.

நான் கேட்பது இவ்வளவுதான். மாத்திரைக்கு ஒரு தராசு, நாய்க்கு ஒரு தராசு வைக்காதீர்கள். பழக்கின நாய்க்கும் சும்மா நாய்க்கும் உள்ள வித்தியாசத்தைக் காப்பாற்றுங்கள். அந்த முன்னோடித் திட்டத்தை ஐந்து மையத்தோடு நிறுத்திவிட்டு இன்னொரு 12 வருஷம் யோசிக்காதீர்கள். ஒருவனைக் காவலுக்கு நிறுத்தியவர்களுக்கு, அவனை விடுவிக்க ஆள் அனுப்பும் கடமை உண்டு. அந்த ஆளுக்கு நாலு கால் இருந்தால் என்ன?